பட்டையின் பின்பக்கம்

லிந்தன்விலேரில் யூதர்களின் பழைய ஜெபக்கூடம் குழந்தைகளின் பெயர்களைத் தானாகவே தைக்க ஆரம்பித்த வருடம் நானும் என் ஓரகத்தி அமுதவல்லியும் ஒன்றாக முழுகாமல் இருந்தோம். எனக்கு ஐந்தாம் மாதம் என்றால் அவளுக்கும் ஐந்தாம் மாதம், மாங்காய் கிடைக்காத அந்த ஊரில் நான் பச்சை ஆப்பிளில் உப்பும் மிளகாய்த்தூளும் தடவித் தின்றால் அதைப் பார்த்து அவளும் தின்பாள், டாக்டர் என்னிடம் இரத்தம் போதவில்லை என்பார், அவளிடம் எல்லாம் பிரமாதம் என்பார். அப்போதே எனக்கு அவள்மேல் பொறாமை. அதை மறைத்துக்கொண்டு கதை சொல்ல எனக்கு வராது.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். பிரான்சின் கிழக்கு ஓரத்தில், அல்சாஸ் பக்கம், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவில் ஆயிரத்து எண்ணூறு பேர் இருக்கும் ஊர். அதன் வரலாற்றை நகராட்சி ஒரு பலகையில் எழுதிச் சதுக்கத்தில் நட்டு வைத்திருக்கிறது, அதில் இருப்பது பாதி, மீதிப் பாதி பொறாமை. யூதர்கள் அங்கே குதிரை விற்றார்கள், மாடு விற்றார்கள், தோளில் துணி மூட்டை சுமந்து கிராமம் கிராமமாகப் போனார்கள், தலைமுறை தலைமுறையாக யாருடைய பரணிலோ கூடி ஜெபித்துவிட்டு, நூற்றைம்பது வருடங்களுக்கு முன் ஒருநாள் இளஞ்சிவப்பு மணற்கல்லில் வண்டிச்சக்கரம் போல வட்ட ஜன்னல் வைத்து ஒரு ஜெபக்கூடம் கட்டினார்கள். கத்தோலிக்கர்களுக்குப் பொறுக்கவில்லை, தங்கள் கோபுரத்தை இன்னும் இரண்டு ஆள் உயரம் தூக்கினார்கள். அதைப் பார்த்துப் புரோட்டஸ்டன்டுகள் கால் மணிக்கு ஒருதரம் அடிக்கும் கடிகாரம் வாங்கி மாட்டினார்கள். யூதர்கள் சும்மா இருப்பார்களா, உச்சியில் இருந்த நட்சத்திரத்துக்குப் பொன்முலாம் பூசினார்கள். இப்படியே எழுபது வருடம் ஊர் முழுக்க மேலே பார்த்துக்கொண்டே நடந்தது, யாருக்கும் பெரிய கெடுதல் இல்லை.

பிறகு ஜெர்மன்காரர்கள் வந்தார்கள். ஜூலை மாதத்துக் காலை ஒன்றில் யூதர் வீடுகளில் கதவு தட்டி ஒரு மணி நேரம் கொடுத்தார்கள், ஆளுக்கு ஒரு பெட்டி, வாசலில் லாரி. மதியம் ஆவதற்குள் குதிரைத் தெருவில் பாதி வீடுகள் திறந்து கிடந்தன. அத்தனை வருடம் கோபுரத்திலும் கடிகாரத்திலும் ஏறி விளையாடிய பொறாமைக்கு அன்று ஒரு சட்டம் கிடைத்துவிட்டது. எதிர்வீட்டு வாதுமை மர அலமாரி இந்த வீட்டுக்கு வந்தது, செப்புப் பாத்திரங்கள் அந்த வீட்டுக்குப் போயின, கொஞ்ச நாளில் வீடுகளே கைமாறின. போனவர்கள் தெற்கே எங்கெங்கோ ஒளிந்தார்கள், நிறையப் பேரைப் போலீஸ் பிடித்து ரயிலில் ஏற்றியது. போர் முடிந்து மூன்று குடும்பங்கள் திரும்பி வந்து, தங்கள் அலமாரியை வேறொருவர் ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, ஊரைவிட்டே போய்விட்டன. ஜெபக்கூடம் மட்டும் எங்கேயும் போக முடியாமல் நின்றது. நகராட்சி அதில் திராட்சைத் திருவிழாவுக்கான மடக்கு பெஞ்சுகளையும், தீயணைப்பு வீரர்களின் பேண்டு முரசுகளையும், கிறிஸ்துமஸ் விளக்குச் சரங்களையும் போட்டுப் பூட்டியது.

அந்தப் பூட்டின் சாவி என்னிடம் இருந்தது. நான் பூங்கோதை, வில்லியனூர்க்காரி, லிந்தன்விலேர் நகராட்சியில் துப்புரவு வேலை. என் மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த புண்ணியத்தில் இரண்டு பிள்ளைகளும் குடியுரிமையோடு இங்கே வந்தார்கள். மூத்தவர் சத்தியசீலன், என் வீட்டுக்காரர், தபால்காரர். இளையவர் ஞானசேகரன், ரொட்டிக்கடையில் மாவு பிசைகிறவர். நாங்கள் இருந்தது ஊர் எல்லையில் புதிதாக எழுப்பிய அடுக்குமாடி. அவர்கள் இருந்தது குதிரைத் தெருவில், ரொட்டிக்கடைக்கு மேலே, உத்திரமெல்லாம் தெரியும் அழகான பழைய வீடு. காலையில் எழுந்ததும் சூடான ரொட்டி வாசனை அவளுக்கு, டீசல் வாசனை எனக்கு.

ஒரு வெள்ளிக்கிழமை பெருக்கப் போனபோது கிழக்குச் சுவரில் இருக்கும் பெரிய மர அலமாரியைத் திறந்தேன். ஒரு காலத்தில் வேதச்சுருள்களை நிறுத்தி வைத்த இடம், பல வருடங்களாகக் காலி, நான் என் துடைப்பத்தை அங்கேதான் வைப்பேன். உள்ளே ஒரு துணிச்சுருள் இருந்தது. பிரித்தால் நீளமான பட்டை, ஒரு சாண் அகலம், மூன்று மீட்டருக்கு மேல் நீளம், வெள்ளைத் துணியில் சிவப்பும் நீலமும் மஞ்சளுமாகப் பட்டுநூல், பறவை, கொடி, மாதுளம்பழம், நடுவில் பெரிய எழுத்தில் மத்தில்த் என்ற பெயரும் அந்தச் செவ்வாய்க்கிழமையின் தேதியும். மத்தில்த் மருந்துக்கடைக்காரரின் பேத்தி, செவ்வாய் அன்றுதான் பிறந்திருந்தாள். எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். எங்கே கிடைத்தது என்றார்கள், அலமாரியில் என்றேன், அப்படியா, நன்றாக இருக்கிறதே என்று சொல்லிக் காப்பி கொடுத்தார்கள்.

அடுத்த மாதம் இறைச்சிக்கடைக்காரர் மகனுக்கு வந்தது, அதற்கு அடுத்த மாதம் பள்ளிக்கூட ஆசிரியையின் குழந்தைக்கு. ஊர் அதைக் கோடை மழையைப் போல ஏற்றுக்கொண்டது. மேயர் மதாம் ஷ்டோல் அளவுநாடாவோடு வந்து பட்டைகளை அளந்து ஒரு பதிவேடு திறந்தார். பாதிரியார், கடவுளுக்குக் கை ஓயாத வேலை, எந்தக் கட்டடத்தில் உட்கார்ந்து தைத்தால் என்ன என்று பிரசங்கத்தில் சொல்லிவிட்டு, தன் கோயில் அலமாரிகளையும் ஒருமுறை திறந்து பார்த்துக்கொண்டார். எப்படி வருகிறது என்று யாரும் கேட்கவில்லை. யாருக்கு வருகிறது, ஏன் எங்களுக்கு வரவில்லை என்றுதான் கேட்டார்கள். ஏனென்றால் எல்லாருக்கும் வரவில்லை. பிறந்த குழந்தைகளில் நாலில் ஒன்றுக்குத்தான் வந்தது. ஞானஸ்நானம் பெற்ற குழந்தைக்கு வராமல் பெறாத குழந்தைக்கு வந்தது, நல்லவர் வீட்டை விட்டுவிட்டுக் குடிகாரர் வீட்டுக்கு வந்தது. வராத வீட்டார் அது பூஞ்சை பிடித்த துணி என்றார்கள். திராட்சைத் தோட்டக்காரர் மனைவி ஒருத்தி இடுப்பு வலி வந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் ஜெபக்கூடத்துப் படியில் போய் உட்கார்ந்துகொண்டாள், மருத்துவச்சி வந்து இழுத்துக்கொண்டு போக வேண்டியதாயிற்று, அப்படியும் வரவில்லை.

என் மகள் தென்றல் ஒரு திங்கட்கிழமை பிறந்தாள், அமுதவல்லியின் மகன் அருள்மொழி புதன்கிழமை. வெள்ளிக்கிழமை காலை நான் சால்வையைச் சுற்றிக்கொண்டு செருப்பைத் தேடினேன்.

“பச்ச ஒடம்போட எங்கடி கெளம்பிட்ட?” என்றார் வீட்டுக்காரர்.

“பெருக்கிட்டு வந்துடுறேன்.”

“நாலு நாள் குப்ப இருந்தா ஜெபக்கூடம் இடிஞ்சா பூடும்?”

அவருக்கு என்ன தெரியும். போனேன், அலமாரியைத் திறந்தேன், ஒரே ஒரு சுருள் இருந்தது, முதல் சுற்றைப் பிரித்ததும் தமிழ் எழுத்து. ஆமாம், தமிழ். அந்த நிமிஷம் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எதோடும் ஒப்பிட முடியாது. அடுத்த நிமிஷம் அருள்மொழி என்று படித்தபோது வயிறு எரிந்ததையும்தான். அலமாரிக்குள் தலையை விட்டுத் தேடினேன், பெஞ்சுகளுக்கு அடியில் தேடினேன், முரசுகளைக் கவிழ்த்துப் பார்த்தேன். இல்லை. தென்றல் இரண்டு நாள் மூத்தவள், முறைப்படி பார்த்தால் முதலில் அவளுக்குத்தான் வந்திருக்க வேண்டும்.

ஓர் ஆறுதல் மட்டும் கிடைத்தது. வில்லியனூர் கான்வென்டில் எனக்குப் பூத்தையல் சொல்லிக்கொடுத்த கன்னியாஸ்திரீ யார் வேலையைக் கொடுத்தாலும் முன்பக்கத்தைப் பார்க்க மாட்டார், திருப்பிப் பின்பக்கத்தைத்தான் பார்ப்பார். நானும் அருள்மொழியின் பட்டையைத் திருப்பினேன். முன்பக்கம் அவ்வளவு அழகு, பின்பக்கம் ஒரே சிக்கல்; முடிச்சு, இழுவை, கோணல் கோணலாகக் கறுப்பு நூல், சரியாகப் பழகாதவள் தைத்தது போல. முந்திய பட்டைகளையும் திருப்பிப் பார்த்தேன், எல்லாம் அதே லட்சணம். ஊரெல்லாம் சொன்னேன். “முன்னால மினுக்கு, பின்னால குப்பை, இதைத் தைத்தவளை எங்கள் கான்வென்டில் வாசலில் நிற்க வைப்பார்கள்” என்று ரொட்டிக்கடையில் சொன்னேன், மருந்துக்கடையில் சொன்னேன். தையல் தெரிந்தவள் சொல்கிறாள் என்று எல்லாரும் நம்பினார்கள். மதாம் ஷ்டோல் பட்டைகளை வீடுகளிலிருந்து வாங்கிக் கண்ணாடிச் சட்டம் போட்டபோது, பின்பக்கம் சுவரோடு இருக்கட்டும், அசிங்கமாக இருக்கிறதாமே என்று சொல்லித்தான் நகராட்சித் தாழ்வாரத்தில் மாட்டினார்.

அமுதவல்லிக்கு என் எரிச்சல் புரியவே புரியாது, அதுதான் அவளிடம் எனக்குப் பிடிக்காத முதல் விஷயம். “அக்கா, தென்றலுக்கும் வரும்க்கா, தபாலு கொஞ்சம் லேட்டாவும்ல” என்பாள், சிரிப்பாள், இரண்டு கிண்ணம் பாயசம் கொடுத்தனுப்புவாள். அவளைத் திட்டக்கூட ஒரு காரணம் கிடைக்காது. அடுத்த வருடம் இரண்டாவது பையன் குட்டி பிறந்தான், அவனுக்கும் பட்டை வந்தது.

பட்டை பெற்ற பிள்ளைகளுக்கு மூன்று வயதானதும் ஊர் ஒரு விழா ஏற்படுத்திக்கொண்டது. ஜூன் மாத ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகள் சட்டத்திலிருந்து எடுத்த தங்கள் பட்டையைத் தோளில் சுற்றிக்கொண்டு ஜெபக்கூடத்தை மூன்று சுற்று வருவார்கள், தீயணைப்பு பேண்டு வாசிக்கும், வெங்காய அடை சுட்டுக் கொடுப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்த தென்றல் கேட்டாள், “அம்மா, என்னோடது எங்கம்மா?”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது மிட்டாய் கொடுத்துச் சமாளித்திருப்பேன். தன்னிடம் ஏதோ குறை இருக்கிறது என்று முடிவு செய்துகொண்டு, அதை ஒத்துக்கொண்டு, சும்மா கேட்டாள். மூன்று வயதில் என் பிள்ளை தன்னைக் குறைவாக நினைக்கப் பழகிவிட்டாள் என்று ஊரைத் திட்டினேன், அந்தப் பழக்கத்தை அவளுக்கு யார் கற்றுக்கொடுத்தது என்று மட்டும் யோசிக்கவில்லை.

பெட்டியில் ஒரு துணி இருந்தது. என் அப்பாவின் நைந்த வேட்டி, வெந்நீரில் அலசி என் அம்மா ஊரிலிருந்து அனுப்பியது, தென்றல் பிறந்ததும் முதன்முதலில் சுற்றிய துணி. அது சதுரமான துண்டு, எனக்கு வேண்டியது நீளப் பட்டை, வேறு வழியில்லாமல் நாலாகக் கிழித்து ஒன்றோடு ஒன்று மூட்டினேன். நாற்பது நாள், மத்தியான வேளைகளில், ஜன்னலோரம் உட்கார்ந்து தைத்தேன். மயில் போட்டேன், அன்னம் போட்டேன், அந்தப் பட்டைகளில் இல்லாத பூவெல்லாம் போட்டேன், நடுவில் தென்றல் என்று எழுதினேன். பின்பக்கத்தில் ஒரு முடிச்சு தெரியாது, வேலை அவ்வளவு சுத்தம். அலமாரியில் வைத்தேன், வெள்ளிக்கிழமை நானே எடுத்தேன். பதிவேட்டில் எழுதிக்கொண்டே மதாம் ஷ்டோல், “தபால்காரர் வீட்டுக்கே தபால் தாமதம்!” என்று சிரித்தார். ஊரே சிரித்தது. அடுத்த ஜூனில் தென்றல் மூன்று சுற்று வந்தாள், அருள்மொழியைவிட வேகமாக நடந்தாள். அமுதவல்லி பட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, “எம்மாம் அழகுக்கா இது!” என்று கண் கலங்கினாள். எனக்குப் பரம திருப்தி.

அந்த இலையுதிர் காலத்தில் நகராட்சியின் புது லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே மேயரோடு நின்றுபோனது. முலூஸ் நகரத்திலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார், ஐம்பத்தைந்து வயது, கனத்த மனிதர், பெயர் ரெனே வோர்ம்சேர். மேயரை வெளியே எடுத்த பிறகு மதாம் ஷ்டோல் நன்றியோடு அவருக்குத் தாழ்வாரத்துப் பட்டைகளைக் காட்டினார். நான் வாளியும் துடைப்பமுமாகப் பக்கத்தில் நின்றிருந்தேன். அவர் ஒவ்வொரு சட்டத்தின் முன்னாலும் நின்று நின்று நகர்ந்தார்.

“இது பட்டை. நாங்கள் செய்வது,” என்றார் கடைசியில். “பையன் பிறந்து எட்டாம் நாள் அவனைச் சுற்றிய துணியை நாலாகக் கிழித்து மூட்டி, அம்மா பெயர் தைப்பாள். மூன்று வயதில் அவனே கொண்டுபோய் வேதச்சுருளில் சுற்றுவான். உங்களுக்கு இது எப்படித் தெரியும்?”

“தெரியாது முசியே, அதுவாக வருகிறது,” என்றார் மேயர்.

“பின்னால் என்ன இருக்கிறது?”

“ஒன்றுமில்லை, தையல் சரியில்லை,” என்று மேயர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

வோர்ம்சேர் தன் திருப்புளியை எடுத்து, யாரையும் கேட்காமல், முதல் சட்டத்தைக் கழற்றினார். மத்தில்த்தின் பட்டையைத் திருப்பினார். வலமிருந்து இடமாக விரலை ஓட்டி, பள்ளிக்கூடப் பிள்ளை போல எழுத்துக் கூட்டிப் படித்தார். “எஸ்தர். மொய்ஸின் மகள். ஒன்பது வயது.” அடுத்ததைக் கழற்றினார். “ழுல்ஸ். நத்தானின் மகன். இரண்டு.” என் சிக்கல், என் முடிச்சு, என் கோணல் நூல் எல்லாம் எபிரேய எழுத்து. ஜெபக்கூடத்து வாசல் கல்லில் அதே எழுத்தை நான் நாலு வருடமாக ஏணி போட்டுத் துடைத்திருக்கிறேன். “என் அப்பா வருடத்துக்கு ஒருநாள் இந்தப் பெயர்களைச் சத்தமாகப் படிப்பார், எனக்கு மனப்பாடம்,” என்றார் அவர். “எல்லாரும் இந்த ஊர்ப் பிள்ளைகள், திரும்பி வராதவர்கள். முன்பக்கம் யார்? அந்தப் பிள்ளைகள் எந்த வீடு?”

மேயர் பதிவேட்டைப் பார்த்து ஒவ்வொரு வீடாகச் சொன்னார், ஒவ்வொரு வீட்டுக்கும் வோர்ம்சேர் தலையாட்டினார். மருந்துக்கடை அந்தக் காலத்தில் மொய்ஸின் வீடு. இறைச்சிக்கடை நத்தானின் வீடு. கடைசி சட்டத்துக்கு வந்தார், என்னுடையது, திருப்பினார், ஒன்றுமில்லை. மூட்டிய நாலு துண்டுகளையும் விரலால் தொட்டார். “இதை மட்டும் ஓர் அம்மா தைத்திருக்கிறாள்,” என்றார்.

“மதாம், இது நீங்கள் தைத்ததா?” என்று மேயர் கேட்டார். ஆமாம் என்றேன். என் குட்டு அப்படி உடைந்தது, ஆனால் அன்று அதைக் கவனிக்க ஒருவருக்கும் நேரமில்லை.

ஊர் தலைகீழானது. இதுவரை பட்டை வந்தவர்களைப் பார்த்து எரிந்தவர்கள் இப்போது நிமிர்ந்து நடந்தார்கள், எங்கள் வீடு எங்கள் தாத்தா கட்டியது என்று கேட்காதவர்களிடமெல்லாம் சொன்னார்கள், ஜெபக்கூடத்துப் படியில் உட்கார்ந்த தோட்டக்காரர் மனைவி கோயிலில் போய் மெழுகுவர்த்தி ஏற்றினாள். மருந்துக்கடைக்காரர் பட்டையை வாங்கிக்கொண்டுபோய் இழுப்பறையில் பூட்டினார். இறைச்சிக்கடைக்காரர் வோர்ம்சேருக்குப் படிக்கவே தெரியாது என்றார். நானும் நிமிர்ந்துதான் நடந்தேன். என் பட்டையின் பின்பக்கம் சுத்தம், என் வீடு யாரிடமிருந்தும் பிடுங்கியதில்லை, முதன்முறையாக என் கை ஓங்கியது.

நேராக அமுதவல்லி வீட்டுக்குப் போனேன். ஆறுதல் சொல்லப் போனதாகத்தான் வீட்டுக்காரரிடம் சொன்னேன், உண்மையில் அவள் முகத்தைப் பார்க்கப் போனேன். வோர்ம்சேர் எனக்கு முன்பே அங்கே வந்திருந்தார், வாசல் நிலைக்காலில், யூதர்கள் வேதவரி எழுதிப் பதித்து வைப்பதற்காகச் சாய்வாகச் செதுக்கிய ஒரு சிறு பள்ளத்தில் விரலை வைத்துக்கொண்டு நின்றார்.

“அருளோட பட்டையில யாரு முசியே?” என்று அவள் பிரெஞ்சும் தமிழுமாகக் கேட்டாள்.

“சாமுவேல். ஆறு வயது. சின்னவன் பட்டையில் அவன் தம்பி தாவீத், மூன்று.”

“இந்த வீட்லதான் இருந்தாங்களா?”

“மேல் மாடி, தெருப்பக்க அறை.”

“அது எம்புள்ளைங்க தூங்குற ரூமுங்க,” என்றாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எனக்கு அப்போதும் உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி இருந்தது, சொல்லிவிடுகிறேன்.

ஆனால் அவளைத் தோற்கடிக்க முடியாது. மறுநாள் சாயங்காலம் ஆறு மணிக்கு ஜன்னலைத் திறந்து, தெருவில் விளையாடிய பிள்ளைகளைக் கூப்பிட்டாள். “அருளு, சாமு, குட்டி, தாவீது, நேரமாச்சு, உள்ள வாங்கடா!” இரண்டு பேர் ஓடி வந்தார்கள், நாலு பேருக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதற்கு மறுநாளும் கூப்பிட்டாள், அதற்கு மறுநாளும். தெரு முதலில் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டது. ஒரு வாரம் கழித்துப் பள்ளி ஆசிரியை தன் ஜன்னலைத் திறந்து இரண்டு பெயர் சொன்னாள். பிறகு, புருஷன் முறைக்க முறைக்க, இறைச்சிக்கடைக்காரர் மனைவி ழுல்ஸை அழைத்தாள். சிலர் கடைசிவரை கூப்பிடவில்லை. ஆனாலும் பனிக்காலம் வருவதற்குள் குதிரைத் தெருவில் ஆறு மணிக்கு, பிறந்த பிள்ளைகளின் பெயரும் போன பிள்ளைகளின் பெயரும் கலந்து ஜன்னலுக்கு ஜன்னல் போய், புரோட்டஸ்டன்டு கடிகாரம் அடிப்பது யாருக்கும் கேட்காமல் போனது. அமுதவல்லிக்கு நாலு பிள்ளைகள். நான் அடுக்குமாடி ஜன்னலில் நின்று தென்றல் என்று ஒரு பெயரைக் கூப்பிட்டேன், ஒரு பிள்ளை வந்தாள். சுத்தமான பின்பக்கம் எவ்வளவு வெறுமை என்று அப்போதுதான் உறைத்தது.

வோர்ம்சேர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை லிஃப்டைப் பார்க்க வருவார். அடுத்த தடவை வந்தபோது வாளியைக் கீழே வைத்துவிட்டு எதிரே போய் நின்றேன்.

“முசியே, எனக்கும் ஒன்று வேண்டும்.”

“என்ன வேண்டும்?”

“பெயர். என் மகள் பட்டைக்குப் பின்னால்.”

அவர் முகம் சிவந்தது. “இது என்ன மதாம், சந்தையில் பொறுக்குகிற பொருளா? பக்கத்து வீட்டில் இருக்கிறது, எனக்கும் வேண்டும் என்கிறீர்கள். இந்த ஊர் எங்களிடம் சொன்னதும் அதுதானே?”

ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டேன். பிறகு சொன்னேன். நாலு வருடம் அந்தப் பெயர்களைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தது நான்தான் என்றேன். ஒவ்வொரு பட்டையும் முதலில் என் கையில்தான் வந்தது, பின்பக்கத்தை நான்தான் பார்த்தேன், அழகாக இருக்கிறதே என்ற எரிச்சலில் மோசமான தையல் என்று ஊரெல்லாம் சொன்னேன், என்னால்தான் யாரும் திருப்பிப் பார்க்கவில்லை என்றேன். சொல்லும்போது எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது. அவர் ஒரு திருகாணியை முழுதும் முடுக்கி, கழற்றி, மறுபடி முடுக்கினார்.

“ஒருத்தி மிச்சம் இருக்கிறாள்,” என்றார். “என் அப்பாவின் தங்கை, ரோசெத். தாத்தாவுக்கு வீடு கிடையாது, மூட்டை சுமந்தவர், ஒரு குதிரை லாயத்தில் தங்கியிருந்தார்கள். லாயத்தை எப்போதோ இடித்துவிட்டார்கள். இப்போது உங்கள் அடுக்குமாடிக்காரர்கள் கார் நிறுத்தும் இடம் அது. அங்கே யார் குழந்தை பெறப் போகிறார்கள்? அவளுக்குப் பட்டை வராது. அந்தக் காலத்தில் பெண் குழந்தைக்கு வழக்கமும் இல்லை.”

“எத்தனை வயது?”

“நாலு.”

அவர் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். எனக்குப் புரியாத எழுத்தைக் கோலம் மாதிரி பார்த்துப் பார்த்து, வலமிருந்து இடமாக, முன்பக்கத்துத் தென்றலில் ஊசி தட்டாமல் பாதி இழையை மட்டும் கோத்து, பதினோரு மத்தியானம் தைத்தேன். கோணலாகத்தான் வந்தது. பிரிக்கவில்லை. அமுதவல்லி வந்து திருப்பிப் பார்த்தாள், அந்த எழுத்தின்மேல் விரலை ஓட்டினாள்.

“பொண்ணாக்கா?” என்றாள். “எனக்கு நாலும் பையனா பூடுச்சு.” அவள் குரலில் அது இருந்தது, எனக்கு நன்றாகத் தெரிந்த அது. அதற்காகப் பல வருடம் காத்திருந்தவள் நான். தேநீர் ஊற்றும் நேரம்வரை அதை அனுபவித்தேன், அதற்குமேல் ருசிக்கவில்லை.

மார்ச் மாதம் தென்றலுக்கு ஐந்து வயது முடிந்தது. பிள்ளைகள் வந்து, கேக் வெட்டி, பாடி, குதித்து, சாயங்காலம் அவள் புதுப் பாவாடையோடு மேசை முன்னால் உட்கார்ந்து ஐந்து விரலையும் எல்லாருக்கும் விரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். ஊரிலிருந்து அம்மா போனில், “புள்ளைக்கி கண்ணு பட்டிருக்கும், மொதல்ல சுத்திப் போடு” என்றாள். உள்ளங்கையில் உப்பும் மிளகாயும் எடுத்துக்கொண்டு குழந்தைமுன் வந்து நின்றேன். அப்போது என் முதுகுக்குப் பின்னால், கார் நிறுத்தும் பக்கத்து ஜன்னலில், யாரோ பார்ப்பது தெரிந்தது. திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. நாற்பது வருடமாக நான் பார்க்கும் பார்வை அது, எனக்குத் தெரியாதா. ஐந்து விரலை விரிக்கும் பெண்ணைப் பார்த்து நாலோடு நின்றுபோன ரோசெத்தின் அம்மா எரியாமல் என்ன செய்வாள்? அவள் பெயரைக்கூட நான் கேட்டதில்லை. உலகத்தில் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட ஒருத்திக்கு இவ்வளவு நியாயம் இருக்கும் என்று நான் நினைத்ததேயில்லை. எனக்கு அழுகை வந்தது.

கையில் இருந்ததைச் சுற்றாமல் கொண்டுபோய் ஜாடியில் கொட்டினேன். தென்றலின் நாற்காலியை, அவள் முகம் நன்றாகத் தெரிகிற மாதிரி, ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டேன். பார்த்துக்கொள் தாயே, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுக் கேக்கில் இன்னொரு துண்டு வெட்டினேன்.